மார்த்தினிக் தீவில் சாப்பாட்டுச் சுற்றுலா: பயணிகள் தவறுகிற இடங்கள்

கரீபியன் கடலில் இருந்தாலும் மார்த்தினிக் 1946 முதல் பிரான்சின் ஒரு மாவட்டம். புழங்குவது யூரோ. அடுப்பில் வேகிறது கிரியோல் எனப்படும் தீவின் கலப்புச் சமையல். ஆனால் கடை திறக்கும் நேரம், தட்டுகள் வரும் வரிசை, பில் போடும் முறை எல்லாம் பிரெஞ்சு வழக்கம். கையில் பணம் இருந்தும் இங்கே நல்ல சாப்பாடு கிடைக்காமல் போகிறவர்கள் பெரும்பாலும் இந்த இரண்டில் ஒன்றைக் கவனிக்காமல் விட்டவர்கள்தான்.

முதலில் விசா. ஐரோப்பிய நாடுகள் பலவற்றுக்கும் பொதுவான ஷெங்கன் விசா இருந்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். பிரான்சின் கடல்கடந்த மாவட்டங்கள் ஷெங்கன் எல்லைக்குள் வராது. இந்தியக் கடவுச்சீட்டில் போகிறவர்கள் மார்த்தினிக்குக்குச் செல்லுபடியாகும் விசாவைத் தனியாகக் கேட்டு வாங்க வேண்டும். பக்கத்திலுள்ள செயின்ட் லூசியாவிலிருந்து படகில் ஒரு நாள் போய்ச் சாப்பிட்டுவிட்டு வரலாம் என்று திட்டமிடுகிறவர்களுக்கும் இது பொருந்தும்.

பிற்பகல் மூன்று மணிக்குச் சாப்பாடு தேடுவது

மதியச் சாப்பாடு 12 மணிக்குத் தொடங்கும். இரண்டு, இரண்டரைக்கெல்லாம் சமையலறையை மூடிவிடுவார்கள். இரவுச் சாப்பாடு ஏழு மணிக்கு மேல்தான். இடைப்பட்ட நேரத்தில் பசித்தால் பேக்கரியோ சாலையோர வேனோதான் கதி. ஞாயிறு இரவும் திங்களும் பல உணவகங்கள் இயங்காது; சூப்பர் மார்க்கெட்டுகளும் ஞாயிறு மதியத்தோடு மூடிவிடும். ஞாயிறு மதியம் கடற்கரை உணவகங்களை உள்ளூர்க் குடும்பங்கள் நிறைத்துவிடும் என்பதால் முன்பதிவு இல்லாமல் போகக் கூடாது. செப்டம்பர், அக்டோபரில் விமானச் சீட்டு மலிவாகக் கிடைக்கிறதே என்று கிளம்புகிறவர்கள் இன்னொன்றையும் தெரிந்துகொள்ள வேண்டும். பல உணவகங்கள் ஆண்டு விடுமுறை எடுப்பது அந்த மாதங்களில்தான்.

தலைநகர் ஃபோர்-து-பிரான்ஸின் பெரிய சந்தைக்குக் காலை எட்டு, எட்டரைக்கே போய்விடுவது நல்லது. சொகுசுக் கப்பல்கள் அதிகம் வரும் மாதங்களில், நவம்பர் முதல் ஏப்ரல் வரை, பத்து மணிக்கு மேல் நின்று பேச இடம் இருக்காது. பிற்பகலில் கடைகளைக் கட்டத் தொடங்கிவிடுவார்கள்.

சந்தையில் நடக்கும் பெரிய பிழை, வாய் திறந்ததும் விலை கேட்பது. 'போன்ஜூர்' (வணக்கம்) சொல்லாமல் பேச்சைத் தொடங்கினால் அதை மரியாதைக் குறைவாகவே எடுத்துக்கொள்வார்கள். படம் எடுப்பதற்கும் முதலில் அனுமதி கேட்க வேண்டும். இந்த இரண்டையும் செய்தவருக்கு எந்தப் பொடி இந்த வாரம் இடித்தது என்று விற்பவரே சொல்வார்.

கொலோம்போவைக் குழம்பு என்று நினைத்து உட்காருவது

1853 மே மாதம் 'ஒரேலி' என்ற கப்பல் முதல் இந்திய ஒப்பந்தத் தொழிலாளர்களை மார்த்தினிக்கில் இறக்கியது. அடுத்த முப்பது ஆண்டுகளில் புதுச்சேரி, காரைக்கால் துறைமுகங்கள் வழியாக ஏறத்தாழ 25,000 பேர் கரும்புத் தோட்டங்களுக்கு வந்து சேர்ந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் தமிழர்கள். தீவின் வடக்கே பாஸ்-புவாந்த் பகுதியில் இன்றும் இந்துக் கோயில்கள் இருக்கின்றன. அவர்களுடைய அம்மியிலிருந்து வந்த மசாலாதான் இன்று தீவு முழுக்கச் சமைக்கிற கொலோம்போ.

அதனால் நம்மவர்கள் நாக்கில் ஒரு சுவையை முன்பே வைத்துக்கொண்டு உட்காருகிறார்கள், ஏமாந்தும் போகிறார்கள். கொலோம்போப் பொடியில் மல்லி, சீரகம், கடுகு, வெந்தயம், மஞ்சள், மிளகு இருக்கும். சில வகைகளில் வறுத்த அரிசியும் சேரும். வற்றல் மிளகாய் இருக்காது, அல்லது பெயருக்கு இருக்கும். கறியை எலுமிச்சை, பூண்டு, வெங்காயத்தாள், தைம் இலையோடு ஊறவைத்துச் சமைக்கிறார்கள். சில வீடுகளில் மாங்காயோ புளியோ சேர்ப்பதுண்டு. பெரும்பாலும் புளிப்பு எலுமிச்சையிலிருந்தே வருகிறது. தைம் மணம் முன்னே நிற்கும், காரம் அடங்கியிருக்கும். ஒன்றரை நூற்றாண்டு தனியாக வளர்ந்த உணவு இது. அதை அதன் போக்கிலேயே சுவைத்துப் பாருங்கள். மிளகாய்ச் சாந்தை அள்ளிப்போட்டு நம் ஊர்க் குழம்பாக மாற்ற முயன்றால் இரண்டு சுவையும் கிடைக்காது.

ஊருக்கு வாங்கிப்போகிறவர்கள் வெயிலில் தொங்கும் கண்ணாடித்தாள் பொட்டலங்களைத் தவிர்க்கலாம். வெயில் பட்டால் மஞ்சளின் நிறம் மங்கும், பொடியின் மணமும் போகும். முகர்ந்து பார்த்து 100 கிராம் வாங்கினால் போதும். ஒரு கிலோ கறிக்கு 2 முதல் 3 மேசைக்கரண்டி. வெறும் கடாயில் மறுபடி வறுக்காதீர்கள், வெந்தயம் கருகிக் கசக்கும்.

'காய்கறிதானே' என்று நம்புவது

சைவம் சாப்பிடுகிறவர்களும், மாடு அல்லது பன்றி தவிர்ப்பவர்களும் அதிகம் சறுக்குவது இங்கேதான். சூடாக வரும் ஆக்ரா பார்க்க வடைபோல இருக்கும்; வேறு பெயர் சொல்லாவிட்டால் அதில் உப்பிட்ட காட் மீன் இருக்கிறது. அவகாடோ கலவையாக வரும் ஃபெரோஸிலும் அதே மீன், மரவள்ளி மாவோடு. கலலூ பச்சைக் கீரைக் குழம்பாகத் தெரியும், ஆனால் நண்டோ பன்றித் துண்டோ போடுவது வழக்கம். சிவப்புப் பீன்ஸுக்குச் சுவை கொடுப்பது பெரும்பாலும் உப்பிட்ட பன்றிக்கறி. பூதான் என்பது பன்றி ரத்தத்தில் செய்த தொத்திறைச்சி. கொலோம்போவிலும் ஆடு, கோழி இருப்பதுபோலப் பன்றியும் சகஜம்.

"சைவம்" என்று பொதுவாகச் சொன்னால் மீன் தப்பித்துக்கொள்ளும். "சான் வியாந்த், சான் புவாசோன், சான் லார்" (கறி, மீன், பன்றிக்கொழுப்பு இல்லாமல்) என்று ஒவ்வொன்றாகக் கேளுங்கள். சாப்பாட்டுச் சுற்றுலா என்றால் பதிவு செய்யும்போதே எழுதிக் கேட்க வேண்டும். அன்று காலை சொன்னால் வழியிலுள்ள கடைகளால் மாற்ற முடியாது. நம்பிச் சாப்பிடக்கூடியவை நிறையவே உண்டு: நம் சௌசௌவான கிறிஸ்தோஃபினில் பாலாடைக்கட்டி சேர்த்துச் சுட்ட கிராத்தேன் (இதிலும் பன்றித்துண்டு உண்டா என்று கேட்டுவிடுங்கள்), ஈரப்பலா, சேப்பங்கிழங்கு, வாழைக்காய், தேங்காய்ப் பால் சேர்ந்த ப்ளான்-மான்ஜே என்ற இனிப்பு (இதில் விலங்கிலிருந்து வரும் ஜெலட்டின் உண்டா என்று கேட்டுவிடுங்கள்), கையால் சுற்றும் மரவாளியில் செய்கிற தேங்காய் சொர்பே என்ற பனிக்கூழ்.

காரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. 'பொந்தா மான் ஜாக்' என்ற உள்ளூர் மிளகாய் ஹபனேரோ இனம்; குண்டூர் மிளகாயைவிடப் பல மடங்கு காரம். மீன் குழம்பில் அதை முழுதாக மிதக்கவிடுவது வாசனைக்காக. கரண்டியால் நசுக்கிவிட்டால் தட்டு முழுக்கக் கெட்டுவிடும்.

ரம்மை நம் கணக்கில் குடிப்பது

உலகின் பெரும்பாலான ரம், சர்க்கரை எடுத்தபின் மிஞ்சும் பாகான மொலாசஸிலிருந்து வருகிறது. மார்த்தினிக்கின் ரம் அக்ரிகோல் புதுக் கரும்புச் சாற்றிலிருந்து வருவது. 1996 முதல் பிரான்சின் ஏஓசி என்ற பிறப்பிட முத்திரை பெற்றது. அதன் வெள்ளை ரம் பொதுவாக 50 அல்லது 55 டிகிரி, அதாவது அத்தனை சதவீதம் ஆல்கஹால். 'தி-பொன்ஷ்' கேட்டால் எலுமிச்சைத் துண்டு, சர்க்கரை, ரம் பாட்டில் மூன்றையும் மேசையில் வைத்துவிட்டுப் போவார்கள். ஊற்றும் அளவு உங்கள் கையில். வழக்கப்படி ஐஸ் கிடையாது. 50 டிகிரி ரம் 4 சென்டிலிட்டர் ஊற்றினாலே அதில் 16 கிராம் ஆல்கஹால் இருக்கிறது. ஓட்டுநருக்கு ரத்தத்தில் லிட்டருக்கு 0.5 கிராம்தான் வரம்பு. பேருந்து குறைவு, வடிசாலைகள் தீவு முழுக்கச் சிதறிக் கிடக்கின்றன. ஆகவே ஓட்டுநரோடு வருகிற சுற்றுலாவுக்குக் கொடுக்கும் பணம் வீணல்ல.

வடிசாலை இயந்திரம் ஓடுவதைப் பார்க்க ஆசையிருந்தால் கரும்பு வெட்டும் காலமான பிப்ரவரி முதல் ஜூன் வரை போக வேண்டும். லெ ஃபிரான்சுவா ஊரிலுள்ள ஹாபிதாசியோன் க்ளெமான் என்ற பழைய ரம் தோட்டம் அழகான இடம். ஆனால் அங்கே இப்போது ரம்மை முதிர வைக்கிறார்கள், வடிப்பதில்லை. வடிப்பதைப் பார்க்க செயின்ட்-பியேரில் பெலே மலையடியிலுள்ள தெபாஸ் வடிசாலை பொருத்தம்.

பில்லும் கடற்கரையும்

விலையில் சேவைக் கட்டணம் அடங்கியிருக்கும். 15 சதவீதம் டிப்ஸ் வைக்கத் தேவையில்லை; மனம் நிறைந்தால் ஓரிரு யூரோ போதும். 'கராஃப் தோ' என்று கேட்டால் குழாய்த் தண்ணீர் இலவசம், குடிக்கலாம். சிங்கி இறால் போன்றவற்றை எடை போட்டு விற்பதுண்டு; விலை 100 கிராமுக்கா முழுதுக்கா என்று அடுப்பேறும் முன் கேளுங்கள்.

ஆற்று மீன், ஆற்று இறால் பிடித்துச் சாப்பிட யாராவது அழைத்தால் மறுத்துவிடுங்கள். வாழைத் தோட்டங்களில் 1993 வரை பயன்படுத்திய குளோர்தெகோன் பூச்சிமருந்து மண்ணிலும் ஆறுகளிலும் இன்னும் இருக்கிறது. ஊர்பேர் தெரியாத தோட்டத்துக் கிழங்குகளையும் தவிர்ப்பது நல்லது.

கடற்கரையில் பொட்டலம் பிரித்துச் சாப்பிடும்போது மேலே பாருங்கள். அடிமரத்தில் சிவப்பு வண்ணக் கோடு அடித்த மரம் மான்செனில்யே என்ற நச்சு மரம். சின்னப் பச்சை ஆப்பிள்போல இருக்கும் அதன் பழம் வாயையும் தொண்டையையும் வெந்துபோகச் செய்யும். மழையில் அதனடியில் ஒதுங்கினாலும் வடியும் பால் தோலைக் கொப்பளிக்க வைக்கும். பட்டுவிட்டால் தேய்க்காமல் நிறையத் தண்ணீரில் கழுவி, கண்ணிலோ வாயிலோ பட்டிருந்தால் உடனே 15 என்ற அவசர மருத்துவ எண்ணை அழையுங்கள்.