கர்னல் பானிக்: (0,0) சொன்ன சேதி

சோதனைக்காக நான் கட்டிய லினக்ஸ் கர்னலை, அதாவது இயங்குதளத்தின் மையப் பகுதியை, கிருஷ்ணகிரியில் சில நண்பர்களுக்குக் கொடுத்திருந்தேன். காவேரிப்பட்டணத்தில் டிடிபி கடை வைத்திருக்கும் அண்ணன் ஒருவரின் கணினி மட்டும் ரூட் (இயங்குதளம் இருக்கும் முதன்மைப் பகுதி) மவுண்ட் ஆகாமல், 'அன்நோன்-பிளாக்(0,0)' என்று கர்னல் பானிக் காட்டி நின்றுவிட்டது.

வட்டின் அடையாள எண்ணான யூயூஐடி சரியாகவே இருந்தது. வட்டை இணைக்கும் சாட்டா கேபிளை மாற்றினோம், பயாஸைப் பார்த்தோம், பலனில்லை. பழைய கர்னலில் அதே வட்டு ஒழுங்காக ஓடியது.

அந்த (0,0)-ஐத்தான் கவனிக்க வேண்டும். வட்டு கெட்டுப்போச்சு என்று அதற்கு அர்த்தமில்லை. அப்படி ஒரு வட்டு இருப்பதே கர்னலுக்குத் தெரியவில்லை. கணினி தொடங்கும்போது கர்னலை ஏற்றும் கிரப்பின் மெனுவில் 'ஈ' விசையை அழுத்திப் பார்த்தேன். இனிட்ராம்எஃப்எஸ் என்ற தொடக்கக் கோப்பை ஏற்றச் சொல்லும் இனிட்ஆர்டி வரி பழைய கர்னலுக்கு இருந்தது, புதியதற்கு இல்லை. வட்டுக்கான டிரைவர் அந்தக் கோப்புக்குள்தானே இருக்கிறது!

அவர் கணினியில் இந்தக் கோப்புகள் இருக்கும் பூட் தனிப் பார்ட்டிஷன், அதுவும் சின்னது. பிழை தேட உதவும் டீபக் தகவலோடு மாட்யூல்கள் (டிரைவர் போன்ற கர்னல் துண்டுகள்) போனதால் இனிட்ராம்எஃப்எஸ் ஊதிப்போய், இடம் போதாமல் உருவாகவே இல்லை. கிரப்பும் அந்த வரியைச் சத்தமில்லாமல் விட்டுவிட்டது.

'மேக் இன்ஸ்டால்_மாட்_ஸ்ட்ரிப்=1 மாட்யூல்ஸ்_இன்ஸ்டால்' என்று கொடுத்து, டீபக் தகவலை நீக்கி மாட்யூல்களை மறுபடி நிறுவி, இனிட்ராம்எஃப்எஸ்ஸைப் புதிதாக உருவாக்கி, கிரப் மெனுவைப் புதுப்பிக்கும் அப்டேட்-கிரப் ஓட்டினேன். உடனே பூட் ஆனது. பெரிய நிம்மதி. அப்புறம் மற்றவர்களுக்குக் கொடுக்கும் தொகுப்பையும் அப்படியே மாற்றிவிட்டேன்.