தொடர்கதையில் வீழ்ச்சியை எங்கே வைப்பது? முதல் தொடர் எழுதுவோருக்கு ஒரு செய்முறை

வாரத்துக்கு ஓர் அத்தியாயம் என்று தொடர்கதை எழுதத் தொடங்குகிறவர்களில் பெரும்பாலோர் முதல் ஐந்தாறு வாரங்களை நன்றாகவே எழுதிவிடுகிறார்கள். பாத்திரங்கள் புதியவர்கள், ஊர் புதிது, வாசகருக்கும் அடுத்து என்ன என்ற ஆவல் இருக்கிறது. சிக்கல் அதற்குப் பிறகுதான் தலைகாட்டும். பதினைந்தாம் வாரத்தில் ஒரு விபத்து, பதினேழாம் வாரத்தில் ஒரு சண்டை, இருபதாம் வாரத்தில் ஆஸ்பத்திரி என்று துன்பங்களை அடுக்கிக்கொண்டே போனாலும், கதை எந்த இடத்திலும் உண்மையாகவே கீழே இறங்கியதாக வாசகருக்குத் தோன்றாது. நாயகியின் பெருவீழ்ச்சி எந்த வாரத்தில், எதை இழப்பதால் நேரப்போகிறது என்பதை முதல் அத்தியாயத்துக்கு முன்பே முடிவு செய்யாததுதான் இதற்குக் காரணம் என்பது என் கருத்து. அதை முடிவு செய்துவிட்டால் மற்றக் கட்டங்களை அங்கிருந்து பின்னோக்கி அமைத்துக்கொண்டு போகலாம்.

செய்முறையை விளக்க ஒரு கதையைக் கற்பனையாக எடுத்துக்கொள்வோம். காஞ்சிபுரத்தில் ஒரு நெசவுக் குடும்பம். தந்தை கடனை விட்டுவிட்டு இறந்துபோகிறார். மூத்த மகள் தறியில் உட்காருகிறாள். இதை முப்பது வாரத் தொடராக எழுதப்போகிறோம்.

படி 1: நீளத்தை முதலில் உறுதி செய்யுங்கள்

"போகிற வரை போகட்டும்" என்று தொடங்கும் தொடரில் வீழ்ச்சிக்கு இடம் குறிக்க முடியாது. எத்தனை வாரம் என்று தெரிந்தால்தான் நடுப்பகுதி எது, முக்கால் பகுதி எது என்று சொல்ல முடியும். நீளத்தைப் பெரும்பாலும் எழுத்தாளர் தம் விருப்பப்படி தீர்மானிப்பதில்லை, வெளியிடும் இடம்தான் தீர்மானிக்கிறது. அதில் வருந்துவதற்கு ஒன்றுமில்லை. ஆங்கில நாவலாசிரியர் சார்லஸ் டிக்கன்ஸ் நடத்திய வார இதழில் வேறொருவர் எழுதிவந்த தொடரால் விற்பனை சரிந்தது. அதைத் தூக்கி நிறுத்துவதற்காகவே அவர் 'கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்' நாவலை 1860 டிசம்பரில் அந்த இதழில் தொடங்கினார். 36 வாரங்கள் வந்த அந்தக் கதையைப் பன்னிரண்டு வாரங்கள் கொண்ட மூன்று கட்டங்களாகப் பிரித்தார். தன்னைக் கனவானாக்கிய மறைமுக உபகாரி யார் என்ற உண்மை நாயகன் பிப்பின் தலையில் இடியாக இறங்குவது இரண்டாம் கட்டத்தின் கடைசியில், அதாவது மூன்றில் இரண்டு பங்கு கடந்த இடத்தில். நெருக்கடியில் தொடங்கிய கதைக்கு இவ்வளவு சீரான அளவு அமைந்தது என்றால், வார எண்ணிக்கையை அவர் முதலிலேயே கையில் பிடித்துக்கொண்டார் என்பதுதான் அதன் பொருள்.

நம் கதைக்கு முப்பது வாரம். பத்து வாரங்கள் கொண்ட மூன்று கட்டங்களாகப் பிரித்துக்கொள்ளலாம்.

படி 2: நாயகி எதில் சாய்ந்து நிற்கிறாள் என்று எழுதுங்கள்

தொடக்கநிலை எழுத்தாளர்கள் பொதுவாகத் தாண்டிப் போய்விடும் படி இது. எனக்கோ இதுதான் மிக முக்கியமாகப் படுகிறது. துன்பம் வேறு, வீழ்ச்சி வேறு. கடன்காரர் வாசலில் நின்று கத்துவது துன்பம். நாயகி எதன் பலத்தில் இத்தனை வாரமும் தாக்குப்பிடித்தாளோ அது கையை விட்டுப் போவதுதான் வீழ்ச்சி. எனவே ஒரு தாளில் அவளுடைய சார்புகளை எழுதுங்கள்: பணம், திறமை, ஒரு மனிதர், ஓர் இடம், ஒரு நம்பிக்கை. பிறகு ஒவ்வொன்றையும் கோடிட்டு அடித்துப் பார்த்து, எதை அடித்தால் அவளால் மறுநாள் காலையில் வேலையைத் தொடரவே முடியாது என்று கேளுங்கள்.

நம் நெசவுக் குடும்பத்தில் இதற்கு எளிதில் விடை கிடைக்கும். காஞ்சிபுரத்தின் கோர்வைப் புடவையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். அதை நெய்ய, குறுக்கிழையைத் தறியில் ஓடவிடும் நாடாக்கள் மூன்று வேண்டும். தறியில் உட்கார்ந்திருப்பவருக்குப் பக்கத்திலேயே இன்னொருவர் அமர்ந்து, ஒருபக்கக் கரைக்கான நாடாவை வீசிக் கொடுக்க வேண்டும். பக்கத்தாள் இல்லாவிட்டால் கோர்வை இல்லை. நம் நாயகிக்குப் பக்கத்தில் உட்காருபவன் அவளுடைய தம்பி. முதல் வாரத்திலிருந்தே வாசகர் அந்தக் கையைப் பார்த்துக்கொண்டிருப்பார்: சில நாள் சோம்பலாக, சில நாள் பாட்டுப் பாடியபடி, ஒருநாள் காய்ச்சலோடு அது நாடாவை வீசிக்கொண்டிருக்கும். இருபதாம் வாரத்தில் அவன் ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலையில் வேலைக்குச் சேர்ந்துவிடுகிறான். அவன் செய்தது குற்றமும் இல்லை, துரோகமும் இல்லை. அவனுக்கு மாதச் சம்பளம் வேண்டியிருக்கிறது. வில்லன் யாரும் இல்லாமலேயே தறி நின்றுவிடுகிறது.

இதை ஒரு விபத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். லாரி மோதி அவள் கை முறிந்தாலும் தறி நிற்கும்தான். ஆனால் அந்த லாரி கதைக்குள் முன்பு எங்கும் ஓடியதில்லை. தம்பியின் கையோ இருபது வாரங்களாக ஓடிக்கொண்டிருந்தது.

படி 3: பெருவீழ்ச்சியின் வாரத்தையும் சிறு சறுக்கல்களின் வாரங்களையும் குறியுங்கள்

மூன்றில் இரண்டு பங்கு என்பது பாதுகாப்பான இடம்; கட்டாயமில்லை. கல்கியின் 'பொன்னியின் செல்வன்' 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வாரந்தோறும் வந்தது. அதன் ஐந்து பாகங்களில் முறையே 57, 53, 46, 46, 91 அத்தியாயங்கள். கதையின் ஆழமான வீழ்ச்சியான பட்டத்து இளவரசன் ஆதித்த கரிகாலனின் மரணம் கடைசிப் பாகத்தில்தான் நேர்கிறது. அதாவது 202 அத்தியாயங்கள் வெளிவந்து முடிந்த பிறகு. இவ்வளவு தாமதித்தும் அந்தத் தொடர் தொய்வடையாததற்குக் காரணம், பாகத்துக்குப் பாகம் கல்கி ஒரு சறுக்கலை வைத்துக்கொண்டே போனதுதான். இரண்டாம் பாகமான 'சுழற்காற்று' நடுக்கடலில் புயல், தீப்பற்றிய கப்பல், கதாநாயகன் வந்தியத்தேவனைக் காப்பாற்றக் கடலில் இறங்கும் இளைய இளவரசர் அருள்மொழிவர்மர் என்று உச்சத்துக்குப் போய், படகோட்டிப் பெண் பூங்குழலியின் படகு வந்து சேர்வதோடு முடிகிறது.

உங்கள் கதை நீளமாக ஆக, பெருவீழ்ச்சியைப் பின்னால் தள்ளலாம். ஆனால் இடையில் சறுக்கல்கள் வேண்டும், ஒவ்வொரு சறுக்கலும் முந்தையதை விடச் சற்றுக் கூடுதலாக இழக்கச் செய்ய வேண்டும். நம் முப்பது வாரத்தில், ஏழாம் வாரம் பட்டு நூல் வாங்கக் கடன் கிடைக்காமல் போகட்டும். பதின்மூன்றாம் வாரம் நெய்து முடித்த புடவையில் குறை சொல்லி முதலாளி கூலியைக் குறைக்கட்டும். இருபதாம் வாரம் தம்பி போகட்டும்.

படி 4: வாசகருக்கு என்ன தெரியும், பாத்திரத்துக்கு என்ன தெரியும் என்று பிரித்து வையுங்கள்

மேலே சொன்ன புயலுக்குப் பிறகு கல்கி செய்வது கவனிக்கத் தக்கது. இளவரசர் அருள்மொழிவர்மர் கடலில் மூழ்கிவிட்டார் என்ற செய்தி மூன்றாம் பாகத்தில் சோழ நாடெங்கும் பரவுகிறது. மக்கள் அழுகிறார்கள், ஆட்சியில் செல்வாக்குப் பெற்ற பழுவேட்டரையர்கள் மீது சினம் கொள்கிறார்கள். வாசகருக்கோ அவர் உயிரோடு இருப்பதும், காய்ச்சலோடு நாகப்பட்டினத்துச் சூடாமணி விகாரத்தில் மறைந்திருப்பதும் தெரியும். நாட்டுக்கு அது பெருவீழ்ச்சி. வாசகருக்கு அது பதற்றம் மட்டுமே. எதையும் உண்மையில் இழக்காமலேயே, இழந்தால் இந்த நாடு என்ன ஆகும் என்று காட்டிவிடுகிறார். பிற்பாடு உண்மையான மரணம் வரும்போது வாசகர் இந்த ஒத்திகையை ஏற்கெனவே பார்த்திருக்கிறார்.

இதைப் பயன்படுத்துங்கள், ஆனால் ஒரு தொடரில் ஒருமுறை போதும். இறந்ததாக நினைத்தவர் இரண்டாம் முறையும் திரும்பி வந்தால், அதற்குப் பிறகு நீங்கள் யாரைக் கொன்றாலும் வாசகர் நம்பமாட்டார். தொலைக்காட்சித் தொடர்களில் இது நாம் எல்லோரும் அனுபவித்ததுதான்.

படி 5: வீழ்ச்சி நடக்கப்போகும் இடத்தை முன்பே காட்டுங்கள்

'பொன்னியின் செல்வ'னின் தொடக்கத்திலேயே வந்தியத்தேவன் கடம்பூர் மாளிகையில் ஓரிரவு தங்குகிறான். சிற்றரசர்கள் நள்ளிரவில் கூடிச் செய்யும் சதியை ஒட்டுக்கேட்கிறான். ஆதித்த கரிகாலன் உயிரிழப்பது அதே கடம்பூர் மாளிகையில். வாரந்தோறும் இதழில் படித்தவருக்கு இந்த இரண்டு இரவுகளுக்கும் நடுவே ஆண்டுகள் கடந்திருக்கும். ஆயினும் இடம் அந்நியமாகத் தோன்றாது. வானில் தெரியும் தூமகேதுவும் (வால்நட்சத்திரம்) இதே வேலையைத்தான் செய்கிறது: அரச குலத்துக்குத் தீங்கு வரும் என்ற பேச்சை அது பாகம் பாகமாகத் தூக்கிச் செல்கிறது.

நம் கதையில் இதற்கு இரண்டு விதைகள் போதும். நான்காம் வாரத்தில் தொழிற்சாலைப் பேருந்து தெருமுனையில் நின்று ஆட்களை ஏற்றிச் செல்வதைத் தம்பி பார்க்கட்டும். அதைப் பற்றி ஒரு வாக்கியத்துக்கு மேல் வேண்டாம். மூன்றாம் வாரத்தில், பக்கத்து வீட்டு முதியவரும் ஒரு நெசவாளர் என்பதும், நாயகியின் தந்தையோடு அவர் பல ஆண்டுகளாகப் பேசாமல் இருந்தவர் என்பதும் தெரியட்டும். இரண்டாவது விதை எதற்கு என்பதைப் படி 7-இல் காண்க.

படி 6: வீழ்ச்சியின் அடியில் எத்தனை வாரம் இருப்பது என்று முடிவு செய்யுங்கள்

தனி நாவலில் நாயகியின் இருண்ட நாள்களை வாசகர் ஒரே இரவில் படித்துக் கடந்துவிடலாம். தொடரில் அவர் ஒரு வாரம் காத்திருக்கிறார். ஆகவே அந்தப் பகுதியை மிகவும் சுருக்கினால் வீழ்ச்சி உறைக்காது. மிகவும் நீட்டினால் வாசகர் இதழை மூடிவிடுவார். மூன்று வாரம் என்பது என் கணக்கு. முதல் வாரம் இழப்பு. இரண்டாம் வாரம் அதன் விளைவுகள், குறிப்பாக நாயகி எதிர்பார்க்காத விளைவு ஒன்று. மூன்றாம் வாரத்தின் கடைசியில் அவள் எடுக்கும் முதல் முடிவு. அது தவறான முடிவாகவும் இருக்கலாம். அந்த முடிவு இல்லாமல் நான்காம் வாரத்துக்குப் போகாதீர்கள்.

இரண்டாம் வாரத்துக்குக் கல்கியிடம் நல்ல பாடம் இருக்கிறது. கரிகாலன் இறந்ததும் கதை அழுகையில் நின்றுவிடவில்லை. கொலைப்பழி வந்தியத்தேவன் மேல் விழுகிறது, அவன் சிறைப்படுகிறான். இளவரசனின் மரணம் என்ற ஒரே நிகழ்ச்சி ஒரு குடும்பத்துக்குத் துக்கமாகவும், ஒரு நண்பனுக்கு உயிராபத்தாகவும், சோழ நாட்டுக்கு அடுத்த அரசர் யார் என்ற கேள்வியாகவும் மூன்றாகக் கிளைக்கிறது. கொன்றவர் யார் என்பதையும் அவர் திட்டவட்டமாகச் சொல்லிவிடவில்லை. அதனால்தான் கடைசிப் பாகத்தின் பாதிக்கு மேல் இந்த மரணத்துக்குப் பின் நடப்பதாக இருந்தும் வாசகரின் பிடி தளரவில்லை.

நம் கதையிலும் அப்படியே செய்யலாம். தம்பி போன மறுவாரம், ஒப்புக்கொண்ட புடவையை அவளால் தர முடியாமல் போக, முன்பணத்தைத் திருப்பிக் கேட்கிறார் முதலாளி. அதைக் கட்டத் தம்பி தன் முதல் சம்பளத்தைக் கொண்டுவந்து நீட்டுகிறான். எந்த வேலை அவளுடைய தறியை நிறுத்தியதோ அந்த வேலையின் பணத்தை அவள் வாங்க வேண்டியிருக்கிறது.

படி 7: ஏறும் வழி பழைய இடத்துக்குத் திரும்பக்கூடாது

தம்பி மனம் மாறித் திரும்பி வந்து தறியில் உட்கார்ந்தால், இருபதாம் வாரம் நடக்காதது போலாகிவிடும். இழந்தது இழந்ததாகவே இருக்க வேண்டும். நம் நாயகி பக்கத்து வீட்டு முதியவரிடம் போகிறாள். அவர் வருவார், ஆனால் தந்தையோடு இருந்த பிணக்கின் காரணத்தை அவள் கேட்டறிய வேண்டியிருக்கும்; தந்தையைப் பற்றி அவள் வைத்திருந்த எண்ணம் மாற வேண்டியிருக்கும். தறி மீண்டும் ஓடுகிறது, ஆனால் பக்கத்தில் வேறொரு கை. கடைசிக் கட்டத்தின் ஏழெட்டு வாரங்களுக்கான சரக்கு முழுவதும் இதிலிருந்தே கிடைத்துவிடும்.

படி 8: முன்கதைச் சுருக்கத்தை எழுதிச் சோதியுங்கள்

அத்தியாயங்களை எழுதத் தொடங்குவதற்கு முன், முப்பது வாரங்களுக்கும் வாரத்துக்கு இரண்டு வரியில் முன்கதைச் சுருக்கம் எழுதிவிடுங்கள். பிறகு பத்தொன்பதாம் வாரத்தின் சுருக்கத்தையும் இருபத்து மூன்றாம் வாரத்தின் சுருக்கத்தையும் அடுத்தடுத்து வைத்துப் படியுங்கள். "கடனால் அவதிப்படும் நாயகி" என்று இரண்டிலும் இருந்தால் இடையில் எந்த வீழ்ச்சியும் நடக்கவில்லை. படி 2-க்குத் திரும்பி வேறொரு சார்பை அடித்துப் பாருங்கள். முதலாவதில் "தம்பியின் துணையோடு கோர்வை நெய்கிறாள்" என்றும், இரண்டாவதில் "தறி நின்றுவிட்டது, தம்பியின் சம்பளத்தில் கடன் கட்டுகிறாள்" என்றும் இருந்தால் முதல் அத்தியாயத்தை எழுத உட்காரலாம்.