ஊர் சிம் உங்களோடு வரட்டும்

கோவையில் விமானம் ஏறி சார்ஜாவுக்கோ சிங்கப்பூருக்கோ முதல் தடவை வேலைக்கு வருகிறவர்கள் கேட்பது, "எந்த இ-சிம் வாங்கட்டுங்க?" என்றுதான் (இ-சிம் என்பது அட்டை இல்லாமல் போனுக்குள்ளேயே பதிவாகும் சிம்). அதற்கு முன்னால் உங்கள் ஊர் சிம்மைப் பற்றிப் பேசிவிடலாம்.

என் சித்தி மகன் சார்ஜாவுக்கு வந்தபோது, இனி எதற்கு என்று ஊர் சிம்மைக் கழற்றி கவுந்தப்பாடி வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தான். சித்தி அதைத் தன் பட்டன் போனில் இரண்டாவது சிம்மாகப் போட்டுக்கொண்டார். இரண்டாம் வாரமே வங்கி வேலைக்கு ஓடிபி தேவைப்பட்டது. மாட்டுக்குத் தட்டு போட்டுக்கொண்டிருந்தவர் கையைக் கழுவி, கண்ணாடியைத் தேடி எடுத்து, "ஆறு நம்பர் வந்திருக்குது கண்ணு, எழுதிக்கோ" என்று ஒவ்வொன்றாகப் படிப்பதற்குள் நேரம் முடிந்துவிட்டது. போகப் போக அவருக்கு அது பழகிவிட்டது. எனக்குப் பயம் வந்தது அப்போதுதான். போனில் கேட்டால் ஓடிபியைச் சொல்லலாம் என்று நாமே அவருக்குப் பழக்கியிருக்கிறோம். நாளைக்கு மகன் பெயரைச் சொல்லி எவனாவது கேட்டாலும் சொல்லிவிடுவார். ஊருக்குப் போய்த் திரும்பியவரிடம் அந்த சிம்மைக் கொடுத்தனுப்பச் சொல்லி வாங்கிய பிறகுதான் நிம்மதி வந்தது.

அதனால் ஊர் சிம் உங்கள் போனிலேயே இருக்கட்டும். கிளம்பும் முன் அதற்கு சர்வதேச ரோமிங்கை இயக்கி வையுங்கள். போனின் செட்டிங்ஸில் அந்த சிம்முக்கு டேட்டா ரோமிங்கை மட்டும் அணைத்துவிடுங்கள். எஸ்.எம்.எஸ் வந்தால் நமக்குப் போதும். அதில் வரும் அழைப்பை எடுத்தால் காசு போகும். ரீசார்ஜ் தீராமல் பார்த்துக்கொள்ளுங்கள். கடைசி நேரத்தில் ஊர் சிம்மை மாற்றி வாங்குவதும், இ-சிம் ஆக்குவதும் வேண்டாம். மாற்றியதும் 24 மணி நேரம் எஸ்.எம்.எஸ் நின்றுவிடும்.

சரி, இ-சிம். முதலில் *#06# அழுத்துங்கள். ஐ.எம்.இ.ஐ எண்ணோடு ஈ.ஐ.டி என்று 32 இலக்க எண் தெரிந்தால் உங்கள் போன் இ-சிம் ஏற்கும். இ-சிம் வாங்கியதும் வரும் கியூஆர் படத்தை வேறொரு போனுக்கு அனுப்பி வைத்துக்கொண்டு, வீட்டு வைஃபையிலேயே ஸ்கேன் செய்துவிடுங்கள். பெரும்பாலும் ஒரு தடவைதான் அது வேலை செய்யும். இறங்கியதும் நெட் வரவில்லை என்று பதறி இ-சிம்மை அழித்தால் திரும்பக் கிடைப்பது கஷ்டம். காரணம் அநேகமாகச் சின்னதாகத்தான் இருக்கும். பயண இ-சிம்முக்கு டேட்டா ரோமிங் இயங்க வேண்டும். காசு போய்விடும் என்ற பயத்தில் நம் ஆட்கள் இரண்டு சிம்முக்கும் சேர்த்து அணைத்துவிடுகிறார்கள்.

எந்த பிளான்? குடியேற வருகிறவருக்குச் சின்னதே போதும் என்பேன்: ஒரு வாரம், 3 முதல் 5 ஜிபி. பத்தாவிட்டால் டாப்-அப் செய்யலாம். 'அன்லிமிடெட்' என்று போட்டிருந்தால் தினசரி அளவு தாண்டியதும் வேகத்தைக் குறைப்பார்களா என்று படியுங்கள். நாள் கணக்கு ஸ்கேன் செய்ததும் தொடங்குகிறதா, அங்கே நெட்வொர்க்கைப் பிடித்ததும் தொடங்குகிறதா என்பதையும் பாருங்கள். பனியன் ஆர்டருக்காகத் திருப்பூரிலிருந்து ஐரோப்பா சுற்றுகிறவர்கள் நாடுகளின் பட்டியலில் சுவிட்சர்லாந்து இருக்கிறதா என்று தனியாகத் தேட வேண்டும். ஐரோப்பிய ஒன்றியத்தின் ரோமிங் விதி அங்கே செல்லாது.

இந்த இ-சிம்களில் பெரும்பாலும் டேட்டா மட்டும்தான், போன் நம்பர் இருக்காது. வங்கிக் கணக்குக்கும் வாடகை அறைக்கும் அந்த நாட்டு நம்பர் கேட்பார்கள். எனவே முதல் வாரத்திலேயே பாஸ்போர்ட்டோடு போய் உள்ளூர் சிம் வாங்கிவிடுங்கள். பிறகு ஊர் வங்கியில், வெளிநாட்டில் இருக்கும் இந்தியர்களுக்கான என்.ஆர்.இ, என்.ஆர்.ஓ கணக்கு தொடங்கினால், அமீரக நம்பரையோ சிங்கப்பூர் நம்பரையோ வைத்தே யுபிஐ பயன்படுத்தலாம். 2023-இல் அதற்கு வழி வந்துவிட்டது. உங்கள் வங்கி அதைத் தருகிறதா என்று கேளுங்கள்.

அமீரகம் வருகிறவர்களுக்கு இன்னொன்று. உள்ளூர் சிம்மில் வாட்ஸ்அப் செய்தியும் படமும் போகும், அழைப்பு போகாது. முதல் வாரம் பயண இ-சிம்மில் பேச முடிந்திருந்தாலும் சிம் மாறியதும் நின்றுவிடலாம், வீட்டில் பயந்துவிடுவார்கள். அங்கே அனுமதி உள்ள போட்டிம் ஆப்பை வீட்டில் யாருடைய ஸ்மார்ட்போனிலாவது போட்டுக் கொடுங்கள். கிளம்புவதற்கு முந்தின நாள் சாயங்காலம், திண்ணையில் உட்கார்ந்து உள்ளே இருக்கும் அம்மாவை அதிலேயே ஒரு தடவை கூப்பிட்டுப் பாருங்கள்.