தொல்லியல் அருங்காட்சியகம் போகிறீர்களா? பானை ஓடுகளைத் தாண்டி ஓடாதீர்கள்

விடுமுறை நாளா என்று பார்க்காமல் கிளம்புவது, கண்ணாடியில் கை வைப்பது எல்லாம் யாரும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. வட்டாரத் தொல்லியல் அருங்காட்சியகங்களுக்குப் புதிதாக வருகிறவர்களைக் கூட்டிப்போகும்போது திரும்பத் திரும்பப் பார்க்கிற வேறு சில தவறுகள் இருக்கின்றன.

வெறும் ஓடுதானே என்று நகர்வது

எனக்கு இன்னும் ஆத்திரம் வருவது இதற்குத்தான். ஒருமுறை என்னோடு வந்த குடும்பம் பானை ஓடுகள் நிறைந்த அறையை ஒரே வீச்சில் கடந்துபோய்த் தங்கக் காதணி இருந்த பெட்டி முன்னால் நின்றது, அதைப் படம் எடுத்து முடித்ததும் "இவ்வளவுதானா?" என்று கேட்டார்கள். அந்த ஊரின் கதை முழுக்க அவர்கள் தாண்டி வந்த அறையில்தான் இருந்தது!

தங்கத்தை உருக்கி மறுபடி நகை செய்துவிடுவார்கள், மரமும் துணியும் பெரும்பாலும் மட்கிப்போகும், ஆனால் சுட்ட களிமண் உடையுமே தவிர மட்காது. உடைந்த பானையை யாரும் பத்திரப்படுத்துவதும் இல்லை, பக்கத்திலேயே வீசிவிடுவார்கள், அதனால்தான் மக்கள் வாழ்ந்த இடத்தில் அது அடுக்கடுக்காகக் கிடைக்கிறது. விளிம்பும் பூச்சும் கோடுகளும் காலப்போக்கில் மாறிக்கொண்டே வரும். எகிப்தில் எழுத்து வருவதற்கு முந்தைய கல்லறைகளைத் தொல்லியலாளர் ஃபிளிண்டர்ஸ் பீட்ரி இந்த மாற்றத்தை வைத்தே முன்பின் வரிசைப்படுத்தினார். அப்போது கார்பன் காலக்கணிப்பு கிடையாது, அது வந்தது 1940களின் கடைசியில். இன்று ஓட்டுக்குள் ஊறிப்போன கொழுப்பைப் பிரித்தெடுத்து, அதில் பால் இருந்ததா இறைச்சி வெந்ததா என்றுகூடப் பல சமயம் சொல்ல முடிகிறது.

சரி, எதைப் பார்ப்பது? விளிம்புத் துண்டைத் தேடுங்கள், அந்த வளைவை வைத்தே பானையின் வாய் எவ்வளவு அகலம் என்று கணக்கிடலாம். அப்புறம் உட்பக்கத்தைப் பாருங்கள், சீரான வரிகள் சுற்றி ஓடினால் அநேகமாகச் சக்கரத்தில் வனைந்தது.

ஆண்டைக் குழப்பிக்கொள்வது

"2,500 ஆண்டுகளுக்கு முன்" வேறு, "கி.மு. 2500" வேறு. இடையில் சுமார் 2,000 ஆண்டுகள் இருக்கின்றன.

நாணயத்தை அப்படியே நம்புவது

தோண்டும்போது ஒரு மண்ணடுக்கில் நாணயம் கிடைத்தால் அந்த அடுக்கும் அதே காலம் என்று முடிவுகட்டிவிடுகிறார்கள். பழைய நாணயம் பல தலைமுறை கைமாறியிருக்கலாம். அடுக்கு நாணயத்தை விட முந்தையது இல்லை என்பது மட்டும்தான் உறுதி, அதுவும் எலி வளையோ பிற்காலக் குழியோ அந்த இடத்தைக் கலைக்காமல் இருந்தால்.

ஒட்டுப்போட்ட பகுதியைக் கவனிக்காதது

முழுப் பானையில் நிறம் தனியாகத் தெரிகிற இடம் பெரும்பாலும் இந்தக் காலத்தில் நிரப்பியது.

பிளாஷ்

வேண்டாம்.

மண்ணடுக்குப் படத்தைக் கடைசிக்கு வைப்பது

சுவரில் மாட்டியிருந்தால் முதலில் அதன் முன்னால் நில்லுங்கள். பெரும்பாலும் அடியில் இருப்பதுதான் பழையது, அதனால் எது மேலே கிடைத்தது, எது அடியில் கிடைத்தது என்று தெரிந்துகொண்டு போனால்தான் ஒவ்வொரு பெட்டியிலும் எது முந்தி, எது பிந்தி என்பது பிடிபடும்.