அமெரிக்காவுல மத ஸ்கூல்ல புள்ளைய சேக்கணுமா? ஃபீஸ் உதவி எங்க எப்டி கேக்குறது

புதுசா வந்தவங்க நிறைய பேர் கேக்குறது இதான், ஊர்ல கான்வென்ட்ல படிச்ச புள்ள, இங்கயும் கத்தோலிக்க ஸ்கூல்லயே போட்டுடலாமான்னு. போடலாம். ஆனா பப்ளிக் ஸ்கூல் ஃப்ரீ, ஹெச்-4ல (வேலை விசாக்காரங்க குடும்பத்துக்கு தர்ற விசா) வந்த புள்ளைக்கும் ஃப்ரீ, மத ஸ்கூல்னா பிரைவேட், கைக்காசு. இருந்தாலும் வெப்சைட்ல போட்டிருக்குற ஃபீஸ பாத்துட்டு அப்டியே ஓடிராதீங்க, நிறைய ஸ்கூல்ல அந்த ரேட்ட முழுசா கட்டாத குடும்பங்களும் இருக்கும், கேட்டவங்களுக்கு தான் குறையும். கூச்சப்பட்டா நஷ்டம் நமக்கு தான்.

முதல்ல ஸ்கூல் ஆபீஸ்ல ஃபைனான்சியல் எய்டு பத்தி கேளுங்க, அட்மிஷன் கேக்குற அன்னைக்கே. நிறைய ஸ்கூல் உங்க வருமானத்த தானே பாக்காது, ஃபேக்ட்ஸ் மாதிரி வெளி கம்பெனி கிட்ட விட்டுடும், அதுக்கு தனியா ஒரு ஃபீஸ் கட்டி போன வருஷ டாக்ஸ் ரிட்டர்ன், டபிள்யூ-2 (கம்பெனி தர்ற வருஷ சம்பளச் சான்று) எல்லாம் அப்லோட் பண்ணணும். நமக்கு தான் போன வருஷம் இங்க டாக்ஸே கிடையாதே? அங்க தான் நிறைய பேர் விட்டுடுறாங்க. ஆஃபர் லெட்டர், கடைசி ரெண்டு மூணு பே ஸ்டப் (சம்பள சீட்டு), கூட ஒரு பக்கத்துல லெட்டர் எழுதி குடுங்க. எந்த மாசம் வந்தோம், வாடகை எவ்ளோ, ஊர்ல கடன் என்ன இருக்கு, அப்பா அம்மாவுக்கு மாசம் எவ்ளோ அனுப்புறோம், ஒருத்தர் சம்பளம் தானா, எல்லாம் நம்பரோட. ஃபார்ம்ல கேக்காததெல்லாம் அந்த லெட்டர்ல தான் அவங்களுக்கு தெரியும். அழுது எழுத வேண்டாம், கணக்கா எழுதுங்க போதும். ஆகஸ்ட்ல ஸ்கூல் தொறக்கும்னா உதவிப் பணம் பெரும்பாலும் வசந்த காலத்துக்குள்ளயே பிரிச்சு குடுத்து முடிஞ்சிருக்கும், அதனால குளிர்காலத்துலயே ஆரம்பிச்சிடுங்க.

கத்தோலிக்கர்னா இன்னொரு வழி இருக்கு. பங்கு (அந்த ஏரியா கத்தோலிக்க சர்ச்) உறுப்பினருக்கு நிறைய ஸ்கூல்ல ஃபீஸ் கம்மி. ஆனா ஞாயித்துக்கிழம தவறாம பூசைக்கு போறேன், ஃபாதருக்கு என் மூஞ்சி தெரியும்னா பத்தாது, பங்கு ஆபீஸ்ல ஃபார்ம் ஃபில் பண்ணி பேர் பதியணும். சில பங்குல நம்பர் போட்ட காணிக்கை கவர் தருவாங்க, நீங்க உண்டியல்ல நோட்டா போட்டா அது கணக்குலயே வராது, கவர்ல இல்லன்னா ஆன்லைன்ல போட்டா தான் உங்க பேர்ல ஏறும், வருஷக் கடைசில பங்குத்தந்தை அதையும் பாத்து தான் ஃபீஸ் சலுகைக்கு கையெழுத்து போடுவார். காசுக்கு பக்தியான்னு நமக்கு சுருக்குனு இருக்கும், இருந்தாலும் வந்த வாரமே பேர பதிஞ்சு வச்சுடுங்க.

இஸ்லாமிய ஸ்கூல்ல ஜகாத் நிதியில இருந்து ஃபீஸ் உதவி குடுக்குறது உண்டு, தகுதி பாப்பாங்க, பள்ளிவாசல்லயும் தனியா கேளுங்க.

அடுத்து ஸ்டேட் பணம், அதாவது பிரைவேட் ஸ்கூல் ஃபீஸுக்கு சில ஸ்டேட் அரசு தர்ற வவுச்சர் மாதிரி உதவி. கவர்மென்ட் காசு மத ஸ்கூலுக்கு போலாமான்னு சந்தேகம் வரும், பெத்தவங்க தேர்ந்தெடுக்குற ஸ்கூலுக்கு போனா தப்பில்லன்னு 2002லயே சுப்ரீம் கோர்ட் க்ளீவ்லேண்ட் கேஸ்ல சொல்லிடுச்சு. இது முழுக்க நீங்க எந்த ஸ்டேட்ல இருக்கீங்கங்கறத பொறுத்தது. அரிசோனா 2022லயும் ஃப்ளோரிடா 2023லயும் வருமானம் எவ்ளோன்னு பாக்காம எல்லாருக்கும் தொறந்து விட்டுட்டாங்க, டெக்சாஸ்ல 2025ல சட்டம் வந்து 2026-27 படிப்பு வருஷத்துல இருந்து நடைமுறை. கலிஃபோர்னியா, நியூ ஜெர்சி பக்கம் இருந்தா இந்த மாதிரி வவுச்சர் கிடையாது. விசால இருக்குற புள்ளைக்கு உண்டா இல்லயான்னு அந்தந்த ஸ்டேட் விதிய படிச்சு பாருங்க, வாட்ஸ்அப் குரூப்ல யாரோ சொன்னாங்கன்னு முடிவு பண்ணாதீங்க. ஒரு எச்சரிக்கை, புள்ளைக்கு ஸ்பீச் தெரபி, ஐஇபி (தனிக் கவனம் வேணுங்குற புள்ளைக்கு ஸ்கூல் போட்டுக் குடுக்குற திட்டம்)ன்னு பப்ளிக் ஸ்கூல்ல ஏதாவது ஓடிட்டிருந்தா, நீங்களா பிரைவேட்டுக்கு மாத்துனா அந்த உரிமை அப்டியே கூட வராது. மாத்துறதுக்கு முன்னாடி நல்லா யோசிங்க.

இப்ப நம்பிக்கை விஷயம். கத்தோலிக்க ஸ்கூல்ல பொதுவா மத்த மதத்து புள்ளைங்களையும் சேத்துப்பாங்க, மத வகுப்பும் பூசையும் எல்லாருக்கும் உண்டு, நன்மை (பூசையில தர்ற அப்பம்) வாங்குறப்போ நம்ம புள்ள எடத்துலயே உக்காந்துக்கலாம். ஆனா சில இவாஞ்சலிக்கல் (ஒரு வகை புராட்டஸ்டன்ட் கிறிஸ்தவ) ஸ்கூல்ல பெத்தவங்களே இதெல்லாம் நம்புறோம்னு சொல்ற விசுவாச அறிக்கையில கையெழுத்து போடணும், பாஸ்டர் லெட்டர் வேணும்பாங்க. ஸ்காலர்ஷிப் கெடைக்குதேன்னு நம்பாதத நம்புறேன்னு போடாதீங்க. நீங்க ஒரு கையெழுத்தோட முடிச்சிடுவீங்க, வீட்டுல பிள்ளையார், ஸ்கூல்ல வேற கதைன்னு தெனமும் சமாளிக்கப் போறது அந்தக் கொழந்த தான். எங்க வீட்டு வழிபாடு இது, பரவாயில்லயான்னு இன்டர்வியூலயே கேட்டுடுங்க. பரவாயில்லன்னு சொல்ற ஸ்கூல் நிறையவே இருக்கு.

டாக்ஸ் பக்கம் சுருக்கமா. சர்ச் நடத்துற ஸ்கூல் தானேன்னு ஃபீஸ நன்கொடைன்னு காட்டக் கூடாது, அது செல்லாது. ஆனா கிண்டர்கார்ட்டனுக்கு முந்தின ப்ரீ-கே ஃபீஸும், 13 வயசுக்குள்ள புள்ளைங்களோட ஆஃப்டர் கேர் செலவும் பொதுவா டிபெண்டன்ட் கேர் (நாம வேலைக்கு போக புள்ளைய பாத்துக்குற செலவு) கணக்குல வரும், கம்பெனில அதுக்கு எஃப்எஸ்ஏ (வரி பிடிக்காம சம்பளத்துல எடுத்து வைக்குற கணக்கு) இருக்கான்னு ஹெச்ஆர்ட்ட கேளுங்க, வேலைல சேந்த மொத சில வாரத்துக்குள்ள சொல்லலன்னா பெரும்பாலும் அடுத்த ஓபன் என்ரோல்மென்ட் (வருஷா வருஷம் சலுகைகள தேர்ந்தெடுக்குற சமயம்) வரைக்கும் காத்திருக்கணும்.