பிள்ளை கேட்கும் சோகப் பாட்டை நிறுத்தாதீர்கள்

மனச்சோர்வில் இருக்கும் பிள்ளை கதவைச் சாத்திக்கொண்டு சோகப் பாட்டாகவே கேட்டால், அதை எப்படியாவது மாற்றிவிடத்தான் பெற்றோருக்குத் தோன்றும். "எப்பப் பார்த்தாலும் அழுகைப் பாட்டுதானா, கொஞ்சம் நல்லதா ஏதாவது போடேன்" என்பார்கள். நான் இசை சிகிச்சையாளர். பதின்ம வயதினரோடுதான் என் வேலை. பெற்றோரிடம் நான் முதலில் கேட்டுக்கொள்வது இதைத்தான்: பாட்டை மாற்றாதீர்கள், கூட உட்கார்ந்து கேளுங்கள்.

இசை ஒரு துணை மட்டுமே. மருத்துவருக்கோ கவுன்சலிங்குக்கோ அது மாற்று ஆகாது. சோகமோ எரிச்சலோ இரண்டு வாரமாக விடாமல் இருந்தால், தூக்கம், சாப்பாடு, படிப்பு எல்லாம் கெட்டுப்போனால், மனநல மருத்துவரைப் பாருங்கள். இந்த வயதில் மனச்சோர்வு பல நேரம் அழுகையாக வராது, எரிந்து விழுவதாகத்தான் வரும். சாவதைப் பற்றியோ தன்னைக் காயப்படுத்திக்கொள்வதைப் பற்றியோ பேச்சு வந்தால் பாட்டெல்லாம் அப்புறம். பிள்ளையைத் தனியே விடாமல் உடனே உதவி தேடுங்கள்.

சரி, கூட உட்கார்ந்து கேட்பது எப்படி? "இப்போ உனக்குப் பிடிச்ச பாட்டு ஒண்ணு போட்டுக் காட்டேன்" என்று கேளுங்கள். முழுப் பாட்டையும் கேளுங்கள். நடுவில் செல்போனைத் தொடாதீர்கள், வரிகளைக் குறை சொல்லாதீர்கள். முடிந்ததும் "ஏன் இதைக் கேட்கிறாய்?" என்றால் அது விசாரணையாகிவிடும். "இதில் எந்த இடம் உனக்குப் பிடிக்கும்?" என்று கேளுங்கள். தன்னைப் பற்றிப் பேச வாய் வராத பிள்ளைகூட பாட்டைப் பற்றிப் பேசும்.

சோகப் பாட்டு கேட்பதிலும் இரண்டு வகை உண்டு. ஒன்று அழவைத்து மனதை லேசாக்கும். இன்னொன்று ஒரே நினைப்பில் சுற்றவைத்து, கேட்பதற்கு முன் இருந்ததைவிட மோசமாக்கிவிடும். வெளியிலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. இதைக் கண்டுபிடிக்கவே சுவி சாரிகல்லியோ, கிறிஸ்டியன் கோல்ட், கத்ரீனா மெக்ஃபெரன் என்ற மூன்று ஆய்வாளர்கள் 2015-இல் 13 கேள்விகள் கொண்ட ஓர் அளவுகோலை வெளியிட்டார்கள். வீட்டுக்கு அவ்வளவு வேண்டாம். பாட்டுக்கு முன்னும் பின்னும் மனநிலைக்கு ஒன்றிலிருந்து பத்துக்குள் ஒரு மதிப்பெண்ணைப் பிள்ளையே எழுதட்டும். தாள் அவர்களிடமே இருக்கட்டும், எட்டிப் பார்க்காதீர்கள். என்னிடம் வந்த பையன் ஒருவன் 'என் உயிர்' என்று சொன்ன பாட்டுக்கு நேரே முன்பு 4, பின்பு 2 என்று இருந்தது. மறுநாளும் அப்படியே. ராத்திரி அந்தப் பாட்டு வேண்டாம் என்று முடிவெடுத்தது அவன்தான். நான் சொல்லியிருந்தால் நடந்திருக்காது.

அடுத்தது, ப்ளேலிஸ்ட். மனநிலைக்கு ஒத்த இசையில் தொடங்கி மெதுவாக நகர்த்த வேண்டும் என்பதை 1940-களிலேயே சொன்னவர் அமெரிக்க மனநல மருத்துவர் ஐரா ஆல்ட்ஷூலர். 'ஐசோ கொள்கை' என்பார்கள். ஐந்தாறு பாட்டு போதும். முதல் பாட்டு இப்போதைய மனநிலையை அப்படியே சொல்லட்டும். போகப்போக வேகமோ சொற்களோ கொஞ்சம் கொஞ்சமாக மாறட்டும். கொண்டாட்டத்தில் போய் முடிய வேண்டியதில்லை, எழுந்து முகம் கழுவும் தெம்பு வந்தாலே பெரிது. பாட்டுகளைத் தேர்ந்தெடுப்பது பிள்ளையின் வேலை, உங்களுடையது அல்ல.

எனக்கு இதையெல்லாம்விடப் பிடித்தது, இசையை உண்டாக்குவது. பேசவே மறுத்த ஒரு பெண் மேளத்தின் விளிம்பை நகத்தால் தட்டினாள். நானும் அதே மெதுவில் தட்டினேன். நிறுத்தினாள், நிறுத்தினேன். சட்டென்று ஓங்கி அடித்தாள், பின்னாலேயே வருகிறேனா என்று பார்க்க. நானும் ஓங்கி அடித்தேன். அப்போதுதான் நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தாள். வீட்டில் இதற்கு ஒரு மேஜை போதும். "தாளம் தப்புது" என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பிடித்த மெட்டுக்குத் தன் சொந்த வரிகளை எழுதிப் பார்ப்பதும் நல்லதுதான். ஆனால் அதைச் சொந்தக்காரர்கள் முன்னால் பாடச் சொல்லாதீர்கள்.

பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் கிடைத்தால் கட்டாயம் போங்கள். வட அயர்லாந்தில் 8 முதல் 16 வயது வரையிலான 251 பேரிடம் நடந்து 2017-இல் வெளியான ஆய்வில், 12 வார இசை சிகிச்சை முடிந்தபோது மனச்சோர்வு குறைந்திருந்தது, தன்மதிப்பு கூடியிருந்தது. 26-ஆவது வாரத்தில் பார்த்தபோது அந்தப் பலன் நிலைக்கவில்லை. அதனால்தான் வீட்டுப் பழக்கத்தை இவ்வளவு வலியுறுத்துகிறேன். சிகிச்சை முடிந்தாலும் அந்தத் தாளையும் ப்ளேலிஸ்டையும் கைவிடாதீர்கள்.

சில பிள்ளைகள் ஒரு கட்டத்தில் எந்தப் பாட்டும் வேண்டாம் என்று ஹெட்போனைக் கழற்றி வைத்துவிடுவார்கள். பிடித்ததே பிடிக்காமல் போவதும் மனச்சோர்வின் அறிகுறிதான். அப்போது இசையைத் திணிக்க வேண்டாம். "முன்னெல்லாம் தினமும் கேட்பான், ஒரு மாதமாகத் தொடுவதே இல்லை" என்று மருத்துவரிடம் அப்படியே சொல்லுங்கள்.