வேலூர் வெயிலில் கிடார் நெக்: மரம் எடுக்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

கார்த்திகை மழை விட்ட வாரம், வேலூரில் ஒரு மரக்கடையில் தேக்குச் சட்டம் வாங்கி உடனே இழைத்து என் முதல் நெக்கை, அதாவது கிடாரின் நீண்ட கழுத்துப் பகுதியை, செய்தேன். தை வரை ஒரு குறையும் இல்லை. சித்திரையில் கையை ஓரமாக ஓட்டினால் ஃப்ரெட் (நெக்கின் குறுக்கே பதித்த உலோகத் துண்டு) முனைகள் முள்ளாகக் குத்தின. கம்பிகளை முறுக்கும் தலைப்பகுதியான ஹெட்ஸ்டாக் பக்கமிருந்து ஒற்றைக் கண்ணால் பார்த்தேன். நெக் முறுக்கிக்கொண்டிருந்தது. நெக்குக்குள் இருக்கும் உலோகத் தண்டான டிரஸ் ராட் வளைவைத்தான் நிமிர்த்தும், முறுக்கலை எடுக்காது.

மரம் எடுக்கப் போகிறவர்கள் முதலில் கேட்பது, "எந்த மரத்துல சவுண்டு நல்லா வரும்?" எலக்ட்ரிக் கிடாரில் பிக்கப் (கம்பியின் அதிர்வை மின்சாரமாக்கும் பாகம்), கம்பி, ஆம்ப் மூன்றும்தான் பெரும்பங்கு. நெக்கின் முதல் வேலை ஆறு கம்பிகளின் இழுவையைத் தாங்குவது. சாதாரண செட்டுக்கே அது சுமார் 45 கிலோ. அதனால் மேப்பிளா மஹோகனியா என்பதற்கு முன்னால் ஈரத்தைக் கேளுங்கள்.

நம்ம ஊரில் ஐப்பசி, கார்த்திகையில் காற்றே நனைந்திருக்கும், அக்னி நட்சத்திரத்தில் எல்லாம் காய்ந்து போகும். மரம் நீளவாக்கில் அவ்வளவாக மாறாது, அகலத்தில்தான் சுருங்கும். ஃபிங்கர்போர்டு (நெக்கின் மேல் விரல் அழுத்தும் பலகை) அரை மில்லிமீட்டர் சுருங்கினாலே ஃப்ரெட் முனை வெளியே தெரியும். பலகையைத் தேவைக்கு மேல் பெரிதாக அறுத்து, இடையில் குச்சி வைத்து நிழலில் அடுக்குங்கள். வாரம் ஒரு முறை தராசில் எடை போட்டுக் குறித்து வையுங்கள். எடை குறைவது நின்ற பிறகுதான் இழைப்புளியை எடுக்க வேண்டும். பழைய வீட்டு நிலைச் சட்டம் கிடைத்தால் நான் விடவே மாட்டேன். ஆணியை மட்டும் தேடி எடுத்துவிட வேண்டும்.

அடுத்தது ரேகை, அதாவது மர நார் ஓடும் கோடுகள். பக்கத்தில் கொஞ்சம் தண்ணீர் தடவினால் கோடுகள் தெளிவாகத் தெரியும். அவை நுனி முதல் அடி வரை ஓடாமல் சாய்ந்து விளிம்பில் வெளியேறினால் அந்தப் பலகை வேண்டாம், எவ்வளவு அழகாக இருந்தாலும். வெட்டு முகத்தில் கோடுகள் செங்குத்தாக நின்றால் இன்னும் நல்லது, முறுக்குவது குறையும். சாய்ந்த ஹெட்ஸ்டாக்கை ஒரே பலகையில் அறுத்தால் சாய்வு தொடங்கும் இடத்தில் ரேகை குறுக்கே வெட்டுப்படும், கிடார் ஒரு முறை விழுந்தாலே அங்கே உடையும். ஒட்டு போட்டுச் செய்வதே பலம்.

"வீணைக்குப் பலா போடறாங்களே" என்பார்கள். வீணையின் தண்டி பருமனானது. நம் நெக்கோ 20 முதல் 22 மில்லிமீட்டர் தடிமன்தான், அதற்குள் ராட் பள்ளமும் உண்டு. பலா வேண்டாம்.

ஃபிங்கர்போர்டுக்கு ஈட்டியும் (ரோஸ்வுட்) கருங்காலியும் அருமையான மரங்கள். ஆனால் சாயம் ஏற்றிய சாதா மரமும் கருங்காலி என்று விற்கப்படுகிறது. அசிட்டோன் நனைத்த வெள்ளைத் துணியால் தேய்த்துப் பாருங்கள், கருப்பு இறங்கினால் திருப்பிக் கொடுங்கள். ஈட்டிக்கு பில் கட்டாயம் வாங்குங்கள். அதைக் காக்கத் தமிழ்நாட்டில் 1994-லேயே தனிச் சட்டம் வந்தது. 2017 முதல் பன்னாட்டு வணிகத்திலும் கட்டுப்பாடு உண்டு. 2019-இல் முழுதாகச் செய்து முடித்த இசைக்கருவிகளுக்கும் அவற்றின் முடித்த பாகங்களுக்கும் விலக்கு கிடைத்தது, பலகைக்கு இல்லை. மேப்பிள் போர்டு என்றால் லாக்கர் பூசாமல் விடாதீர்கள், வியர்வையில் கறுத்துவிடும்.

ஈட்டியிலும் தேக்கிலும் எண்ணெய் அதிகம். ஒட்டும் முகத்தை அசிட்டோனால் துடைத்து, அது காய்ந்தவுடன் பசை போடுங்கள். மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டால் எண்ணெய் மறுபடி மேலே வந்து நிற்கும்.